இரண்டு கல்வெட்டுகள்

பலெர்மோவின் பழைய நகரப் பகுதியில், பல்லாரோ சந்தைக்குப் பின்னாலுள்ள ஒரு வீட்டில் இருபது வருடம் பழைய கல்வெட்டொன்றைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தார் அல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிரியையில் கொடுக்கப்படும் சிறு நினைவுமலரையே நாங்கள் கல்வெட்டு என்கிறோம். பிறந்த ஊர், வம்சம், வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். கல்லில் வெட்டியதல்ல என்றாலும் பெயர் அப்படித்தான் நிலைத்துவிட்டது.

அந்தக் கல்வெட்டுக்குரிய அம்மா எண்பதுகளின் இறுதியில் சிசிலிக்கு வந்தவர். இத்தாலிய வீடுகளில் வயோதிபரைப் பராமரித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 1990ஆம் ஆண்டின் மார்தெல்லி சட்டம் பல ஆயிரம் குடியேறிகளுக்கு வதிவிட உரிமைக்கான கதவைத் திறந்தபோது எப்படி வரிசையில் நின்றார், ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றத் தமிழ்ப் பெண்களுடன் பெல்லெக்ரீனோ மலையேறி சாந்தா ரொசாலியாவின் குகையில் எதை நேர்ந்துகொண்டார் என்பதெல்லாம் அந்தப் பன்னிரண்டு பக்கத்துக்குள் இருந்தன.

அவருடைய பேத்தி இங்கே பிறந்தவள், பல்கலைக்கழக மாணவி. பலெர்மோத் தமிழரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. கைத்தொலைபேசியில் அம்மம்மாவின் பெயரைத் தமிழில் தட்டித் தேடினாள். ஒன்றும் வரவில்லை. "பலெர்மோ தமிழர்" என்று தேடினாள். விடுதிகள், மலிவு விமானச் சீட்டுகள், பிறகு மலையேறும் தமிழரைப் பற்றி இத்தாலியர் எழுதியவை. "மாமா, நாங்கள் எழுதினது ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டாள்.

இருந்தது. கல்வெட்டு அச்சான காலத்திலேயே உறவினர் ஒருவர் அதை இணையத்தில் ஏற்றியிருந்தார். முகவரி பழைய கொப்பி ஒன்றில் எழுதியிருந்ததால் நேரே போய்ப் பார்த்தோம். பக்கம் உயிரோடுதான் இருந்தது. தேடுபொறிக்கு மட்டும் அது தெரியவில்லை. இருக்கிற ஒன்று ஏன் அகப்படாமல் போகிறது, அகப்படுகிறவற்றில் எது முதலில் நிற்கும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கணினியைவிட நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு நல்ல அத்தியாயம் இதே நகரத்தில் எழுதப்பட்டது.

*

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பலெர்மோவை ஆண்ட நோர்மன் அரசன் இரண்டாம் ரொஜர், உலகம் முழுவதையும் விபரிக்கும் நூலொன்றை விரும்பினான். அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி அந்தப் பணியைப் பொறுப்பேற்றார். பழைய நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஆகவே ஊர் ஊராய்த் திரிந்த பயணிகளை அழைத்து விசாரித்தார்கள். அவர்களின் சொல் ஒத்துப்போன இடங்களை ஏற்றுக்கொண்டார்கள், முரண்பட்டவற்றை ஒதுக்கினார்கள். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இப்படிப் போயின. இதை இத்ரீசியே தன் முன்னுரையில் சொல்கிறார். 1154 சனவரியில் நூல் முடிந்தது. அடுத்த மாதமே ரொஜர் இறந்துபோனான். எழுபது பகுதிப் படங்கள். தெற்கு மேலே, வடக்கு கீழே. அதில் சரந்தீப் என்ற பெயரில் எங்கள் தீவும் இருக்கிறது.

ஒரு செய்தியின் மதிப்பு அது தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்வதில் இல்லை, எத்தனை நம்பகமானவர்கள் அதைச் சுட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது என்பதே அந்த முறையின் சாரம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வரும்.

நூலின் பின்கதையும் நமக்குப் பாடம். அதனுடன் செய்யப்பட்ட பெரிய வெள்ளித்தட்டு உலகப்படம் அழிந்துபோயிற்று. கையால் படியெடுக்கப்பட்ட நூல் தப்பியது. 1553இல் கெய்ரோவில் எழுதப்பட்ட ஒரு பிரதி இன்று ஒக்ஸ்போர்டில் இருக்கிறது. 1592இல் ரோமில் மெதிசி அச்சகம் அதன் சுருக்கத்தை அரபியில் அச்சிட்டபோது ஆசிரியரின் பெயர் இல்லை. 1619இல் பாரிசில் அதை இலத்தீனில் பெயர்த்த இருவர், உள்ளடக்கத்தை வைத்து ஊகித்து, ஆசிரியர் நூபிய நாட்டவர் என்று முடிவுகட்டினார்கள். அதன்பின் நெடுங்காலம் ஐரோப்பா அவரை "நூபியப் புவியியலாளர்" என்றே அழைத்தது. முகப்பில் ஒரு பெயர் விடுபட்டால் மனிதர் ஒருவருக்குப் பிறந்த நாடே மாறிவிடும்.

*

இனி இணையத்துக்கு வருவோம். 1995 டிசம்பரில் வந்த அல்டாவிஸ்டா போன்ற முதல் தலைமுறைத் தேடுபொறிகள் பெரும்பாலும் சொற்களை எண்ணின. தேடிய சொல் ஒரு பக்கத்தில் எத்தனை தடவை, எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து வரிசைப்படுத்தின. இது தெரிந்ததும் வியாபாரிகள் விழித்துக்கொண்டார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தடவை எழுதினார்கள். மனிதக் கண்ணுக்கு வெறும் இடம். பொறிக்கு அது பெரும் செல்வம். பக்கம் தன்னைப்பற்றித் தானே சொல்லும் சாட்சியத்தை நம்பியதன் விளைவு அது.

இந்த ஏமாற்றை அக்காலத்திலேயே ஆராய்ந்தவர்களில் ஒருவர் இத்தாலியர், பாதுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாசிமோ மார்கியோரி. பொறிகளைத் தம் பக்கம் சாய்க்கும் இந்த வித்தையை அவர் ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாகவே பார்த்தார். 1997 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் நடந்த ஆறாவது உலகளாவிய வலை மாநாட்டில் அவர் வாசித்த கட்டுரை ஒரு மாற்றை முன்வைத்தது: ஒரு பக்கத்தின் எழுத்தை மட்டும் எடைபோடாதே, அது எவற்றோடு இணைந்திருக்கிறது என்பதையும் சேர்த்து எடைபோடு.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரிஸ்பேனில் நடந்த ஏழாவது மாநாட்டில் செர்கே பிரின், லாரி பேஜ் என்ற இரு ஸ்டான்போர்ட் மாணவர்கள் கூகிள் என்ற பொறியை விபரித்துக் கட்டுரை படித்தார்கள். மார்கியோரியின் கட்டுரையையும் அதில் மேற்கோள் காட்டினார்கள். அவர்களின் பேஜ்ராங்க் முறையில் ஒரு பக்கத்தை நோக்கி வரும் ஒவ்வோர் இணைப்பும் ஒரு வாக்கு. வாக்களிக்கும் பக்கம் எவ்வளவு மதிப்புள்ளதோ அவ்வளவு அந்த வாக்குக்கும் மதிப்பு. ஆய்வுக் கட்டுரைகளை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணக்கிடும் யோசனையை யூஜின் கார்பீல்ட் 1955இலேயே முன்வைத்திருந்தார். ரொஜரின் அரண்மனையில் பயணிகளின் வாக்குமூலங்களை ஒப்பிட்டவர்களுக்கும் இது புதிதாகத் தோன்றியிராது.

வாக்கு என்றால் கள்ளவாக்கும் வரும். இணைப்புகள் விலைக்கு விற்கப்பட்டன; ஒன்றையொன்று சுட்டுவதற்கென்றே வெற்றுத் தளங்கள் கட்டப்பட்டன. கூகிள் 2011 பெப்ரவரியில் 'பாண்டா' என்ற மாற்றத்தால் சரக்கில்லாத பக்கங்களையும், 2012 ஏப்ரலில் 'பென்குயின்' என்ற மாற்றத்தால் செயற்கை இணைப்புகளையும் கீழே தள்ளியது. அந்த ஓட்டம் இன்னும் ஓயவில்லை. கூகிளின் கணக்கில் இன்று எத்தனையோ அளவுகோல்கள் சேர்ந்துவிட்டன. அடிப்படை மாறவில்லை: பொறி வாசிக்கக்கூடிய எழுத்து, அந்த எழுத்துக்குப் பிறர் தரும் சாட்சி.

*

இந்த இரண்டும் எங்களிடம் இருக்கவில்லை.

முதலில் எழுத்து. எண்பதுகள், தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பெரும்பாலும் தட்டியது பாமினி எழுத்துருவில். கணினி அதைத் தமிழாக அறியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் குப்பை. தேடுபொறி எழுத்துருவைப் பார்ப்பதில்லை, குறிகளைத்தான் பார்க்கிறது. பேத்தி இன்றைய ஒருங்குறியில் அம்மம்மாவின் பெயரைத் தட்டுகிறாள். பக்கத்தில் இருப்பதோ வேறு குறிகள். இரண்டும் எக்காலத்திலும் சந்திக்கா.

பாமினி மட்டுமல்ல. தஸ்கி, தாப், தாம், பத்திரிகைகளின் சொந்த எழுத்துருக்கள் என்று ஆளுக்கொரு முறை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு விசைப்பலகையையும் குறிமுறையையும் ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றது. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது 2010இல்தான். இடைப்பட்ட காலம், ஈழத்தமிழர் உலகெங்கும் சிதறி மிக அதிகமாக எழுதிய காலம். ஊர்ச்சங்க மலர்கள், கோயில் மலர்கள், கல்வெட்டுகள் எல்லாம் அந்த இடைவெளிக்குள் விழுந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாங்கள் மறக்கவில்லை. எரியாமலே மறைந்துபோனவற்றை எண்ணிப் பார்த்ததில்லை.

அடுத்தது சாட்சி. எங்கள் தளங்கள் ஒன்றையொன்று சுட்டுவது அருமை. எடுத்தாளுவோம், எங்கிருந்து எடுத்தோம் என்று இணைப்புக் கொடுக்க மாட்டோம். ஊருக்கு இரண்டு சங்கம் இருந்தால் ஒன்றின் பெயரை மற்றது உச்சரிக்காது. தேடுபொறியின் கணக்கில் இது வாக்களிக்க மறுப்பதற்குச் சமம். மலையேறும் தமிழரைப் பற்றி இத்தாலியர் எழுதியவை முன்னுக்கு வருவதில் சதி எதுவும் இல்லை. அவர்களை மற்றவர்கள் சுட்டுகிறார்கள்.

*

பலெர்மோவில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. இது நிசமாகவே கல்லில் வெட்டியது. சீசா மாளிகை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கிரிசாந்தோ என்ற அரச குரு, 1148இல் இறந்த தன் தாய் அன்னாவுக்காக 1149இல் செய்வித்த நினைவுக்கல். செய்தி ஒன்றுதான், வெட்டியிருப்பது நான்கு விதமாக. இலத்தீன், கிரேக்கம், அரபு, நான்காவதாக எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. ஒவ்வொன்றிலும் திகதி அந்தந்த மரபின் ஆண்டுக்கணக்கில். எல்லாச் சமூகத்தவரும் வாசிக்கவேண்டும் என்று செய்ததா, அரசனின் பன்மொழிப் பெருமையைக் காட்டச் செய்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எதுவானாலும் எண்ணூற்றெழுபது ஆண்டு கழிந்தும் அன்னாவின் பெயரை நாங்கள் அறிவோம்.

ஒரு மொழியை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதிய அந்த நான்காம் பகுதியைப் பார்த்தபோது எனக்குப் பாமினி ஞாபகம் வந்தது. வித்தியாசம் என்னவென்றால், கல்லுக்கு முன் நின்ற யூதரால் அதை வாசிக்க முடிந்தது.

நாங்கள் செய்தது பெரிய காரியம் அல்ல. பேத்தியும் நானும் இரண்டு மாலை உட்கார்ந்தோம். பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் இலவச எழுத்துமாற்றிகள் உண்டு. பெரும்பகுதியை அவை நொடியில் மாற்றிவிடும். மிச்சத்துக்குக் கண் வேண்டும். பழைய தட்டச்சாளர்கள் ரகரத்துக்குப் பதில் அரவைத் தட்டியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்று, பொறிக்கு வேறு. 'கௌரி' மாறும்போது 'கெளரி' ஆகிவிடும். அந்தக் கௌரியைப் பிறகு யாராலும் தேடிப்பிடிக்க முடியாது. நகரத்தின் பெயரை நம்மவர் பலெர்மோ, பலர்மோ, பாலெர்மோ என்று பலவிதமாக எழுதுவதால் மூன்றையும் ஓரிடத்தில் குறித்தோம். பக்கத்தின் தலைப்பில் 'நினைவுமலர்' என்று மட்டும் இருந்தது; முழுப்பெயர், ஊர், ஆண்டு சேர்த்தோம். படமாக ஏற்றிய பக்கங்களுக்குக் கீழே அவற்றின் வாசகத்தை எழுத்தாகத் தந்தோம். இத்தாலிய மொழியில் ஒரு பத்திச் சுருக்கத்தை அவளே எழுதினாள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகத் திட்டம் நினைவுமலர்களையும் பேணுகிறது. ஒரு பிரதி அங்கேயும் போகவேண்டும் என்பது அவள் விருப்பம். வெள்ளித்தட்டு போனாலும் பிரதி தப்பும் அல்லவா.

ஓரிடத்தில் மட்டும் நிறுத்தினோம். எப்படி எல்லை கடந்தார், யார் உதவினார்கள் என்ற விபரம் ஒரு பக்கத்தில் இருந்தது. உயிரோடிருப்பவர்களின் பெயர்கள் அவை. 2014 மே 13ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு ஸ்பானிய வழக்கில் தீர்ப்பளித்தது: ஒருவர் தன் பெயரைத் தேடும்போது வரும் சில முடிவுகளை நீக்கும்படி தேடுபொறியைக் கேட்கலாம், மூலப்பக்கம் அப்படியே இருக்கலாம். முடிவுகளில் வராமல் இருப்பதே மறக்கப்படுவதற்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட தருணம் அது. சிலருக்கு அந்த மறதி பாதுகாப்பு. அந்தப் பெயர்களை எடுத்துவிட்டோம். யாரை மறைப்பது என்பதை இம்முறை குடும்பம் தீர்மானித்தது, எழுத்துரு அல்ல.

சில வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு திரைப்பிடிப்பு வந்தது. அம்மம்மாவின் பெயரைத் தேடியிருந்தாள். முதலாவதாக வந்திருந்தது. அந்தப் பெயருக்குப் போட்டி ஏதும் இல்லை, ஆகவே இதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. "பலெர்மோ தமிழர்" என்று தேடினால் இன்னும் விடுதிகள்தான். அதற்கு ஒரு கல்வெட்டுப் போதாது. இந்த நகரத்தில் அலுமாரிகளுக்குள் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன.