அணுவின் உள்ளமைப்பு: ஆசானும் மாணாக்கனும் கண்ட உண்மை

அணு என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. மிகச் சிறியது என்னும் பொருளில் நம் முன்னோர் அதனை நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளனர். ஆயினும் சிந்தையாற் கொண்ட கருத்து வேறு, சோதனையால் நிறுவிய உண்மை வேறு. அணுவின் உள்ளமைப்பைச் சோதனையால் அறிந்த வரலாற்றிலே இளைஞருக்கும் முதியோருக்கும் பாடமொன்று உண்டு. அதனை ஈண்டு நோக்குவோம்.

1808ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் யோன் தாற்றன் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய பிளவுபடா அணுக்களால் ஆயது என்று விளக்கினார். இரசாயன அறிவுக்கு அக்கொள்கை பெருந்துணையாயிற்று.

அணுவினும் சிறியதொன்று உண்டெனக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் கவெண்டிஷ் ஆய்கூடத்தின் தலைவர் யே. யே. தொம்சன் ஆவர். காற்றுப் பெரும்பாலும் அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயில் உயர்ந்த மின்னழுத்தத்தைப் பிரயோகித்தால் கதோட்டிலிருந்து ஒருவகைக் கதிர் புறப்படும். அது அலையோ துணிக்கையோ என அறிஞர் வாதிட்டனர். 1897இல் தொம்சன் அக்கதிரைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் வளைத்து அளந்தார். அது எதிர் மின்னேற்றமுடைய துணிக்கைகளின் ஓட்டமே என்றும், குழாயிலுள்ள வாயு மாறினும் உலோகம் மாறினும் அத்துணிக்கை மாறுவதில்லை என்றும் கண்டார். ஐதரசன் அணுவின் திணிவில் ஏறத்தாழ 1,840இல் ஒரு பங்கே உடைய அதனையே இன்று இலத்திரன் என்கிறோம்.

நேரேற்றம் நிறைந்த கோளத்தினுள் இலத்திரன்கள் பதிந்திருக்கின்றன என்று தொம்சன் கருதினார். அக்கொள்கையைத் தகர்த்தவர் வேற்றாரல்லர். 1895இல் நியூசிலாந்திலிருந்து வந்து அவரிடமே பயின்ற இரதபோட் ஆவர். 1909இல் மான்செஸ்ரரில் இரதபோட்டின் தூண்டுதலால் கைகரும், இருபது வயது மாணாக்கரான மாஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள்மீது அல்பாத் துணிக்கைகளைச் செலுத்தினர். இருட்டறையில் அமர்ந்து, திரையில் தோன்றிய ஒளிப்பொறிகளை நுணுக்குக்காட்டியினூடே ஒவ்வொன்றாக எண்ணினர். பிளாற்றினத் தகட்டில் ஏறத்தாழ 8,000 துணிக்கைகளுள் ஒன்று வந்த பக்கமே திரும்பியது! பதிந்த இலத்திரன்களால் இது நிகழ இயலாது. எனவே, அணுவின் திணிவு பெரும்பாலும் நடுவே மிகச் சிறிய கருவில் அடங்கியுள்ளது என்று 1911இல் இரதபோட் முடிவு செய்தார்.

அவர் கொள்கையிலும் இடர்ப்பாடு இருந்தது. சுற்றிவரும் இலத்திரன் சக்தியை இழந்து கருவில் வீழவேண்டுமன்றோ? இரதபோட்டிடம் பணியாற்றிய தென்மார்க்கு நாட்டு நீல்ஸ் போர், இலத்திரன் குறித்த சில ஒழுக்குகளிலேயே இயங்கும் என்று 1913இல் கூறி, ஐதரசனின் நிறமாலைக் கோடுகளை விளக்கினார். அவ்வாண்டிலேயே மோஸ்லி எக்ஸ்-கதிர்களை ஆராய்ந்து மூலகங்களின் அணுவெண்ணுக்குப் பொருள் கண்டார். இரண்டாண்டின் பின், 1915இல், கலிப்போலிப் போர்முனையில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. யுத்தம் அறிவுலகிற் பறித்தது எத்துணையென்பதை எவர் அளவிடுவார்? 1932இல் இரதபோட்டின் மற்றொரு மாணாக்கர் சட்விக், ஏற்றமற்ற நியூத்திரனைக் கண்டார்.

இவ்வரலாற்றின் விந்தை இனித்தான் வருகிறது. இலத்திரனுக்கு அலைப்பண்பும் உண்டென்று 1924இல் பிரான்சில் லூயி டீ புறோக்லி உரைத்தார். 1927இல் அதனைச் சோதனையாற் காட்டியவர்களுள் ஒருவர் யே. யே. தொம்சனின் மைந்தர் யோர்ச் தொம்சன். இலத்திரனைத் துணிக்கையெனக் காட்டிய தந்தை 1906இல் நோபெற் பரிசு பெற்றார். அலையெனக் காட்டிய தனயர் 1937இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். இருவர் கண்டதும் உண்மையே.

ஆசானின் கொள்கையைச் சோதித்தல் ஆசானை அவமதித்தலாகாது. அவர் தந்த கல்வியைப் பயன்படுத்துதலேயாம். இளைஞர்க்கு வேண்டுவது இருட்டறையில் இருந்து எண்ணும் பொறுமை. முதியோர்க்கு வேண்டுவது, எண்ணி வந்தவன் சொல்லைச் செவிமடுக்கும் பெருந்தன்மை. இவ்விரண்டும் கூடிய இடத்திலேயே அறிவு வளரும். நம் ஊர்ப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் அவை கூடுமாறு செய்தல் நம் கடனாகும்.