தரீபா வெள்ளி எங்கிருந்து வந்தது?

குழந்தைக்குக் கொலுசோ, கல்யாணத்துக்குக் குங்குமச் சிமிழோ வாங்க வேண்டுமென்றால், தில்லியில் நம்மவர்கள் பலரும் சாந்தினி சௌக்கின் தரீபா கலான் தெருவுக்குப் போவது வழக்கம். "என்ன இருந்தாலும் சேலத்துக் கொலுசு மாதிரி வராது" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்குவோம்! சேலமோ தரீபாவோ, அந்த வெள்ளி எந்த மண்ணில் பிறந்தது என்று யோசித்திருக்கிறோமா?

நம் நாட்டில் வெள்ளியே இல்லை என்பதில்லை. இராஜஸ்தானில், உதயப்பூருக்கு வடகிழக்கே, தரீபா என்றே ஓர் ஊர் உண்டு. (பெயர்ப் பொருத்தம்தான், நம் தெருவோடு உறவு கற்பிக்க வேண்டாம்.) அங்கே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தாது தோண்டியிருக்கிறார்கள். இன்றும் இந்திய வெள்ளியில் பெரும்பங்கு, இராஜஸ்தானின் ஈய, துத்தநாகச் சுரங்கங்களில் உபபொருளாகக் கிடைப்பதே. ஆனால் நம் தேவைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இந்தத் தட்டுப்பாடு தில்லிக்குப் புதிதல்ல. முகமது பின் துக்ளக் 1330ஐ ஒட்டி, வெள்ளி டங்காவுக்கு ஈடாகச் செம்பு, பித்தளைக் காசுகளை வெளியிட்டார். வெள்ளிப் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணம் என்பது ஆய்வாளர் கருத்து. வீட்டுக்கு வீடு கள்ளக் காசு அடித்தார்கள்! கடைசியில் அவற்றை வாங்கிக்கொண்டு கருவூலத்திலிருந்து நல்ல காசு கொடுக்க வேண்டியதாயிற்று. செல்லாக் காசுகள் துக்ளக்காபாத்தில் மலைபோல் குவிந்து கிடந்தனவாம், பரனி எழுதிவைத்திருக்கிறார்.

பின்னர் ஷேர்ஷா சூரி, சுமார் 11.5 கிராம் எடையுள்ள வெள்ளி ரூபாயை நிலைநிறுத்தினார். அவர் இறந்த 1545ஆம் ஆண்டிலேயே, இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி வெள்ளிமலை ஸ்பானியர் கைக்கு வந்தது. அந்த வெள்ளி ஐரோப்பா, செங்கடல் வழியாகச் சூரத்துக்கு வந்து, நாணயச்சாலையில் உருகி முகலாய ரூபாயாயிற்று.

சும்மா வரவில்லை. நம் துணிக்கும் மிளகுக்கும் ஈடாகக் கொடுக்க ஐரோப்பியரிடம் வேறு சரக்கு அதிகம் இல்லை. சோழமண்டலக் கரையில் துணி வாங்கவும் வெள்ளியோடுதான் கப்பலேறி வந்தார்கள். அங்கே பொட்டோசியிலோ, 1570களிலிருந்து ஊர் ஊராகப் பழங்குடியினரை முறைவைத்துக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். சுரங்கத்திலும் பாதரசப் புகையிலும் மாண்டவர் ஏராளம்.

இன்று மெக்சிகோ, சீனா, பெரு ஆகியவை முன்னணியில் நிற்கின்றன. நாம் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் இறக்குமதி செய்கிறோம்.

பழையதை உருக்கிப் புதுசு செய்வது நம் வீட்டு வழக்கம். ஆகவே பாட்டி கொடுத்த பால் கிண்ணத்தில் பொட்டோசி வெள்ளி ஒரு துளி கலந்திருந்தால் வியப்பில்லை. அடுத்த முறை தரீபாவில் பேரம் பேசும்போது, பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்: நம் நெசவாளியின் உழைப்பும், முகம் தெரியாத ஒரு சுரங்கத் தொழிலாளியின் உயிரும் அந்தக் கொலுசின் விலையில் உண்டு.