அனந்தபுரியும் அருந்தமிழும்

பொதிகை மலைக்கு இரண்டு சரிவுகள் உண்டு. கிழக்குச் சரிவில் தோன்றும் தண்பொருநை நெல்லைச் சீமையை வளப்படுத்திக் கடலில் கலக்கின்றது. அவ்வாற்றைப் புகழ்ந்த புலவர் பலர். மேற்குச் சரிவில் தோன்றும் கரமனை ஆறோ, பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் அணைகளில் தங்கித் திருவனந்தபுரம் மாநகரத்தாரின் குடிநீராகின்றது. இதனைப் புகழ்வாரை அதிகம் காணோம். 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர் கூடத்திற்கு ஏறுவோர் நம் போனக்காட்டிலிருந்துதான் நடக்கத் தொடங்குகின்றனர். தமிழுக்கு முதல் இலக்கணம் வகுத்தவர் என மரபு போற்றும் முனிவரின் மலைவாயிலில் குடியிருக்கும் நாம், அம்மலையின் நீரைப் பருகும் நகரத்திற்குச் சென்றால் 'பாண்டிக்காரர்' என்று அழைக்கப்படுகின்றோம். அழைப்பவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வரலாறு தெரியாமல் அழைக்கின்றனர். நம் வீட்டுப் பிள்ளைகளும் அதே வரலாறு தெரியாமல், கடைத்தெருவில் தாயோடு தமிழில் பேசக் கூசுகின்றனரே, அதுதான் வருத்தம். அதன்பொருட்டே இக்கட்டுரை.

திருவனந்தபுரத்தின் தெற்கே, விழிஞத்தில், ஆய் மன்னர்கள் அரசாண்டனர். அவ்வழியில் வந்த கருநந்தடக்கன் 9-ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர் உண்டு உறைந்து கற்பதற்கு ஒரு சாலை நிறுவினான். அதன் ஒழுங்குமுறை, முன்னரே புகழ்பெற்றிருந்த காந்தளூர்ச் சாலையை ஒட்டி அமைக்கப்பட்டது எனச் செப்பேடு கூறும். அக்காந்தளூர் இன்றைய நகரத்தின் நடுவிலுள்ள வலியசாலையே என்பர் அறிஞர் பலர். விழிஞத்தை ஒட்டியது என்பாரும் உளர். மாமன்னன் இராசராசன் தன் மெய்க்கீர்த்தியில் காந்தளூரைக் குறிக்கின்றான். அங்கே அவன் கலங்களை அழித்தான் என்பார் ஒரு சாரார். சாலையின் உணவு முறையை வகுத்தான் என்பார் மற்றொரு சாரார். அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. அதில் நாம் சாட்சி சொல்லப் போக வேண்டா. நம்மாழ்வார் தம் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒரு பதிகம் முழுவதையும் இந்நகரத்துப் பள்ளிகொண்ட பெருமாளுக்கே அளித்துள்ளார் என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம்.

கேரள நாட்டுக் கோயில்களில் வானளாவிய கோபுரம் காண்பது அரிது. பத்மநாபசுவாமி கோயிலிலோ, பாண்டிநாட்டு மரபில், சுமார் நூறடி உயரத்தில், ஏழு நிலைக் கோபுரம் நிற்கின்றது. மதுரையிலும் நெல்லையிலும் கோபுரம் கண்ட கண்ணுக்கு அது புதிதன்று.

1750-இல் மார்த்தாண்டவர்மர் தம் நாட்டையே பத்மநாபனுக்குக் காணிக்கையாக்கினார். அப்போது தலைநகரம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம். 1795-இல் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில்தான் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியது. திவான் இராஜா கேசவதாசர் சாலைக் கடைவீதியை உண்டாக்கித் தமிழ் வணிகர்களை அழைத்துக் குடியமர்த்தினார். அவர்கள் அழையா விருந்தாளிகளாய் வந்தவர்கள் அல்லர் என்பதை இங்கே அடிக்கோடிட விரும்புகின்றேன். அரிசியும் மிளகாயும் பாத்திரமும் துணியும் விற்ற அவ்வீதியில் இன்றும் தமிழ் பேசித் தடையின்றிச் சரக்கு வாங்கலாம்.

சுவாதித் திருநாள் மன்னர் (1813–1846) அரசவையில் தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு வீற்றிருந்தார். மேனாட்டு வயலினைக் கர்நாடக இசைக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் அவர் ஒருவர். மன்னர் அவருக்கு 1834-இல் தந்தத்தாலான வயலின் பரிசளித்தார். பிற்காலத்தில் பாபநாசம் சிவன் இளமையை இந்நகரில் கழித்து, இங்குள்ள சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்றார்.

நிற்க. இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விழைவது ஒரு பேராசிரியரைப் பற்றி. நம் சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் குழந்தைகள் கைகட்டி நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து எங்கிருந்து வந்தது? மதுரையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ வந்ததன்று. விதுரா, நெடுமங்காடு வழியாக நாம் நகரத்திற்குச் செல்லும் பேருந்து பேரூர்க்கடையைக் கடந்துதான் செல்கின்றது. அப்பேரூர்க்கடையில் வாழ்ந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855-இல் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர். 1891-இல் அவர் வெளியிட்ட 'மனோன்மணீயம்' என்னும் நாடகத்தின் பாயிரத்திலுள்ளது அவ்வாழ்த்து. ஆங்கிலேயரான லிட்டன் எழுதிய கதையொன்றைத் தழுவியது அந்நாடகம். அதனைத் தம் ஆசான் ஹார்வி துரைக்குக் காணிக்கையாக்கினார். தம் இல்லத்திற்கும் ஹார்விபுரம் என்றே பெயரிட்டார். ஆங்கில ஆசானிடம் நன்றியும், மலையாள மண்ணில் வாழ்வும், தமிழில் காவியமும் ஒருவருக்கே வாய்த்தன. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் கைவிடவில்லை.

நாடகத்தோடு அவர் நின்றாரல்லர். கோயில் கோயிலாகச் சென்று கல்வெட்டுக்களைப் படியெடுத்துத் திருவிதாங்கூரின் பண்டை மன்னர் வரிசையை முதன்முதலில் சான்றோடு ஆராய்ந்தார். திருஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என்று நிறுவினார். 1897-இல், 42-ஆம் வயதிலேயே காலமானார். தமிழ்நாட்டரசு 1970-இல் அவ்வாழ்த்தை அரசு விழாக்களுக்குரிய பாடலாக ஏற்றது. 2021-இல் மாநிலப் பாடலாக அறிவித்தது. நெல்லையில் ஒரு பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பேரூர்க்கடையில் பேருந்து நிற்கும்போது நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்வோர் எத்தனை பேர்?

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்காக 1954-இல் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர்களும் உண்டு. நம் நெடுமங்காடு வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு போட்டவர்கள் உறவுகளுக்குக் கோடு போடவில்லை. ஆயினும் போக்குவரத்து எளிதாயிருக்கவில்லை. 1918-இல் கொல்லத்திலிருந்து சாக்கை வரை வந்த இருப்புப்பாதை 1931-இல் தம்பானூரை அடைந்தது. அங்கிருந்து நாகர்கோவிலுக்கும் குமரிக்கும் ரயில் ஓட 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிக்கெட்டும் கணக்குமாக வாழும் என்போன்றோர்க்கு அந்த 48 ஆண்டு இடைவெளி உறுத்தத்தான் செய்யும்.

இக்காலத்தும் இந்நகரத் தமிழ் வற்றவில்லை. சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே, கடைத்தெரு மாந்தரைக் கதைகளில் வடித்தவர் ஆ. மாதவன் (1934–2021). மின்வாரியப் பொறியாளராயிருந்த நீல. பத்மநாபன் 'பள்ளிகொண்டபுரம்' என்று நகரத்தையே நாவலாக்கினார். ஆங்கிலப் பேராசிரியர் துரைசாமி, நகுலன் என்னும் பெயரில் எழுதினார். வட இத்தாலியில் திரியெஸ்தே என்றொரு துறைமுக நகரம் உண்டு. 1918 வரை ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்தது. இத்தாலியம், ஸ்லோவேனியம், ஜெர்மன் ஆகிய மூன்றும் அங்கே புழங்கின. உம்பெர்த்தோ சாபா என்னும் கவிஞர் அங்கே பழைய புத்தகக் கடை நடத்திக்கொண்டே கவிதை எழுதினார். அவரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சாலைத் தெரு மாதவன்தான் நினைவுக்கு வந்தார். திரியெஸ்தேயினர் சாபாவின் நினைவாகத் தெருவில் சிலை வைத்திருக்கின்றனர்.

மாநில எல்லையை ஆண்டுதோறும் மூன்று தெய்வங்கள் கடந்து வருகின்றனர். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் புறப்படுவர். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது மரபு. தலைநகரம் மாறியபின் சுவாதித் திருநாள் காலத்தில் ஏற்பட்ட இவ்வழக்கம் 1956-க்குப் பின்னும் நிற்கவில்லை. இரு மாநிலக் காவலரும் மரியாதை செலுத்துகின்றனர். முதலிரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றங்கரை. மூன்றாம் நாள் கரமனை வழியே நகரம் சேர்வர். குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்க, சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் எழுந்தருளுவாள். ஒன்பது மாலையும் அங்கே கச்சேரி நிகழும்.