அலுவலக உபயோகத்திற்கு மட்டும்: லினக்ஸ் கர்னலில் இரண்டு பிட்டுகளின் கதை

செங்கம் பக்கத்து ஆட்களிடம் ஊர்ப்பெருமை கேட்டால், யாராவது ஒருவர் கட்டாயம் மலைபடுகடாத்தை இழுத்துவிடுவார். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு. அதில் வரும் நன்னனின் செங்கண்மாதான் இன்றைய செங்கம். பெருங்கௌசிகனார் 583 அடிகளில் செய்திருப்பது என்னவென்று பார்த்தால், அடிப்படையில் ஒரு வழிகாட்டிக் குறிப்பு. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தனிடம் வழி சொல்கிறான். இந்த இடத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், இந்தப் பக்கம் கவண்கல் பறந்து வரும், பார்த்துப் போ என்கிறான். முன்னால் போய் வந்தவன் சொல்வதால் பின்னால் போகிறவன் பிழைக்கிறான்.

இவ்வளவு எளிய ஏற்பாடு இணையத்தில் ரொம்ப நாள் இல்லை. பாதையில் நெரிசல் என்று யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்ல வைக்க லினக்ஸ் கர்னலில் நிரல் எழுதி, அது சரியாகவும் வேலை செய்தது. ஆனாலும் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதைதான் இது.

முதலில் நெரிசல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பௌர்ணமி அன்று செங்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு வரிசையாகப் பஸ் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் எல்லையில் நிற்க இடமில்லை. அங்கே இருப்பவர் இடம் கிடைக்காத பஸ்ஸைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறார். (சிரிக்க வேண்டாம், வரிசை நிரம்பினால் ரவுட்டர் செய்வது அதையேதான்.) செங்கம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் டைம்கீப்பருக்குத் தகவல் ஒன்றும் வராது. போன பஸ் போய்ச் சேர்ந்ததாகச் சேதி இல்லையே என்று கணக்குப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பஸ் விடுவதைக் குறைப்பார். டிசிபி என்கிற நெறிமுறை நெரிசலைக் கண்டுபிடித்த விதம் இதுதான். பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று பொருள்.

இந்தக் கணக்கும் ஆரம்பத்தில் கிடையாது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே இணைப்பு படுத்துவிட்டது. இரண்டுக்கும் இடைத்தூரம் 400 கஜம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட் போனது. எண்ணூறில் ஒரு பங்கு! ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சனும், பிஎஸ்டி யூனிக்ஸைக் கவனித்துவந்த மைக் கேரல்ஸும் கர்னலுக்குள் புகுந்து பார்த்தார்கள். தொலைந்த பொட்டலத்தை எல்லா இயந்திரங்களும் அவசர அவசரமாகத் திரும்ப அனுப்பி, நெரிசலை அதிகமாக்கிக் கொண்டிருந்தன. மெதுவாகத் தொடங்கு, இழப்பு தெரிந்தால் பாதியாகக் குறை என்ற வைத்தியம் பிஎஸ்டி கர்னலில் ஏறியது. இணையம் பிழைத்தது.

1988ல் ஜேக்கப்சன் தன் கட்டுரையை சிக்காம் மாநாட்டில் வாசித்தார். அதே மாநாட்டில் இன்னொரு கட்டுரையும் வந்தது. எழுதியவர்கள் கே. கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின். இருவரும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, பிறகு அமெரிக்காவில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் சொன்னது வேறு வழி. பஸ்ஸைப் பள்ளத்தில் தள்ளுவானேன்? வரிசை நீளத் தொடங்கும்போதே கடந்து போகும் பஸ்ஸின் கண்ணாடியில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் கோட்டைப் பார்த்து, திரும்பி வரும் பஸ்ஸில் செங்கத்துக்குச் சொல்லி அனுப்பட்டும். ஒரு பஸ்கூடத் தொலையாமல் வேகம் குறையும். செலவு ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1. கூத்தன் எதிரே வரும் கூத்தனுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே.

இழப்பை நம்பிய வழி உடனே உலகம் முழுக்கப் பரவியது. அடையாளம் போடும் வழி காத்துக்கிடந்தது. காரணம் எளிது. முதல் வழிக்கு அனுப்புகிறவரின் கர்னலை மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவதற்கு அனுப்புகிறவர், வாங்குகிறவர், நடுவில் இருக்கும் ரவுட்டர் என்று எல்லாரும் மாற வேண்டும்.

1994ல் சாலி ஃபிளாய்ட் இந்த யோசனையை டிசிபிக்குக் கொண்டுவந்தார். (இவர் முதலில் படித்தது சமூகவியல். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ ரயில் நிறுவனத்தில் கணினி வேலை, அதற்கப்புறம்தான் கணினி அறிவியலில் முனைவர் பட்டம். காமர்ஸ் படித்தால் கணினிப் பக்கம் போகக்கூடாது என்பவர்கள் கவனிக்கவும்.) ராமகிருஷ்ணனும் அவரும் சேர்ந்து எழுதிய ஈசிஎன் என்ற திட்டம் 1999 ஜனவரியில் சோதனை விதியாக வந்தது. 2001 செப்டம்பரில் டேவிட் பிளாக்கும் சேர்ந்து, ஆர்எஃப்சி 3168 என்ற எண்ணில் முறையான விதியானது. ஆர்எஃப்சி என்பவை இணையத்தின் விதிப்புத்தகங்கள்.

வில்லங்கம் தொடங்கிய இடம் ஒரு விண்ணப்பப் படிவத்தின் காலிக் கட்டம். தாலுகா ஆபீஸ் படிவங்களில் கீழே 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதேதான். ஒவ்வொரு டிசிபி பொட்டலத்தின் தலைப்பிலும் 1981ல் எழுதிய ஆர்எஃப்சி 793 ஆறு பிட்டுகளை இப்படி ஒதுக்கி வைத்திருந்தது. எதிர்காலத்துக்கு என்று ஒரு வார்த்தை, பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று இன்னொரு வார்த்தை. அவ்வளவுதான். பூஜ்யமாக இல்லாமல் வந்தால் வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று அந்த இடத்தில் ஒரு வரி இல்லை. ஈசிஎன் அந்த ஆறில் இரண்டை எடுத்துக்கொண்டது. எதிர்காலம் வந்துவிட்டது என்று நினைத்துத்தான்.

ஆனால் பாருங்கள், நடுவில் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. அதற்குள் இணையத்தின் வாசல் தோறும் ஃபயர்வால் என்ற காவல்காரர்களை நிறுத்தியாயிற்று. காலிக் கட்டத்தில் எதையாவது எழுதிக்கொண்டு ஒருவர் வந்தால் அவர் கள்ளர் என்று அவர்களில் சிலருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாதுகாப்பு நோக்கில் இது முட்டாள்தனமும் அல்ல. எதிராளியின் இயங்குதளம் எது என்று மோப்பம் பிடிக்கும் கருவிகள் அந்த பிட்டுகளை வைத்து விளையாடியது உண்மை.

2001 ஜனவரி 4ல் லினக்ஸ் 2.4 வந்தது. அலெக்ஸி குஸ்நெட்சோவும் டேவிட் மில்லரும் பார்த்துக்கொண்ட அதன் வலைப்பின்னல் பகுதியில் ஈசிஎன் இருந்தது. ஆசையாகக் கர்னலைத் தொகுத்து ஏற்றியவர்களுக்குச் சில வாரங்களில் அதிர்ச்சி. சில தளங்கள் திறக்கவில்லை. ஹாட்மெயில் அதில் ஒன்று. பழைய 2.2 கர்னலுக்குத் திரும்பினால் திறக்கிறது. பக்கத்தில் இருக்கும் விண்டோஸ் கணினியில் திறக்கிறது. புது லினக்ஸில் மட்டும் இல்லை. சாதாரணமாக யார் மேல் சந்தேகம் வரும்? புது நிரல் மேல்தான்.

பிழை தேடும் வேலையில் இதுதான் கஷ்டமான ரகம். நிரலை வரிவரியாகப் படித்தாலும் தப்பு கிடைக்காது, ஏனென்றால் தப்பு அங்கே இல்லை. டிசிபிடம்ப் என்ற கருவியைப் போட்டு, கம்பியில் போகும் பொட்டலங்களைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இணைப்பைத் தொடங்கும் முதல் பொட்டலத்துக்கு சின் என்று பெயர், ஒரு வணக்கம் மாதிரி. ஈசிஎன் பேசத் தெரிந்தவர் அதில் அந்த இரண்டு பிட்டுகளையும் 1 ஆக வைத்து அனுப்புவார். சில காவல்காரர்கள் அதைக் கண்டதும் 'இணைப்பு இல்லை' என்று முகத்திலடித்த மாதிரி பதில் அனுப்பினார்கள். அதுகூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். மற்றவர்கள் பதிலே சொல்லாமல் பொட்டலத்தை விழுங்கினார்கள். கர்னல் 3 நொடி பொறுத்து மறுபடி அனுப்பும், பிறகு 6, 12, 24 என்று காத்திருப்பை இரட்டிப்பாக்கும். கைவிடும்போது 189 நொடி ஆகியிருக்கும். மூன்று நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஃபயர்வாலையா திட்டுவார்?

விதியை எழுதியவர்கள் இன்னொரு கிறுக்குத்தனத்தையும் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். சில பழைய இயந்திரங்கள் காலிக் கட்டத்தில் என்ன வந்ததோ அதை அப்படியே நகலெடுத்துப் பதிலில் திருப்பி அனுப்பும். கிளிப்பிள்ளை மாதிரி. அதை 'எனக்கும் ஈசிஎன் தெரியும்' என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. அதனால் வணக்கத்தில் இரண்டு பிட், உண்மையான பதில் வணக்கத்தில் ஒரு பிட் மட்டும் என்று வைத்தார்கள். இரண்டும் திரும்பி வந்தால் அது கிளி! இந்த மாதிரி சின்ன முன்யோசனைகளில்தான் வலைப்பின்னல் நிரல் எழுதியவர்களின் அனுபவம் தெரிகிறது.

சிஸ்கோவின் பிக்ஸ் ஃபயர்வாலிலும் இந்தப் பிரச்சினை இருந்தது. நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டும்விட்டது. வாங்கி வைத்தவர்கள் அதை ஏற்றவில்லை, அவ்வளவுதான். ஓடுகிற வண்டியில் யார் கைவைப்பார்கள்?

சரி, இப்போது யார் வளைவது? முதல் முயற்சி தோற்றால் கர்னலே அந்த பிட்டுகளை அணைத்துவிட்டு மறுபடி முயலட்டுமே என்று பலர் கேட்டார்கள். விதியிலேயே அப்படி ஒரு வழி சொல்லப்பட்டிருந்தது. மில்லர் இறங்கி வரவில்லை. 'இணைப்பு இல்லை' என்பது டிசிபியில் முறையான பதில், அதை நம்பாமல் மறுபடி கதவைத் தட்டுவது தப்பு என்பது ஒன்று. கர்னல் சமாளித்துக்கொண்டே போனால் ஃபயர்வால்காரர்கள் ஒரு நாளும் திருந்த மாட்டார்கள் என்பது இன்னொன்று. 2001 மே மாதம், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, கர்னல் எழுதுகிறவர்களின் அஞ்சல்கள் போய்வரும் விகர் சர்வரிலேயே ஈசிஎன்னைப் போட்டார். கெட்ட ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அஞ்சல் நின்றது. 2002ல் ஃபிளாய்டும் தன் பங்குக்கு ஆர்எஃப்சி 3360 எழுதி, காலிக் கட்டத்துக்காக இணைப்பை முறிப்பது இணையத்தையே உறைய வைக்கும் என்று கண்டித்தார்.

மில்லர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் வணிகக் கணக்கில் பார்த்தால் அது தோற்கிற நியாயம். ஈசிஎன்னால் வரும் லாபம் எல்லாரும் மாறிய பிறகு எல்லாருக்கும் பிரித்துக் கிடைக்கும். நஷ்டமோ முதலில் மாறியவருக்கு, அன்றைக்கே, முழுசாக. 2000ல் சுமார் 24,000 வலைத்தளங்களைச் சோதித்தபோது நூற்றுக்கு ஒன்பது ஈசிஎன் வணக்கத்துக்குக் கதவு திறக்கவில்லை. நூற்றில் ஒன்பது கடையில் செல்லாத நோட்டை யார் பையில் வைத்துக்கொள்வார்கள்? பயனர்கள் அணைத்தார்கள். லினக்ஸைப் பொதிந்து கொடுப்பவர்கள் பலர் அணைத்தே கொடுத்தார்கள். 2004ல் கதவு திறக்காத தளங்கள் நூற்றுக்கு ஒன்று என்று குறைந்துவிட்டன. ஆனால் ஈசிஎன் பேசத் தெரிந்த தளங்களோ நூற்றுக்கு இரண்டுதான். காவல்காரர் திருந்திவிட்டார், வருகிறவர்தான் இல்லை.

முடிச்சு அவிழ்ந்தது 2009ல், ரொம்பச் சாதுவான ஒரு மாற்றத்தால். அதுவரை அந்த அமைப்புக்கு இரண்டே மதிப்பு, 0 என்றால் வேண்டாம், 1 என்றால் வேண்டும். பின்லாந்தின் இல்போ யார்வினென் 2 என்று ஒன்றைச் சேர்த்தார். நீயாகக் கேட்காதே, யாராவது கேட்டால் சரி என்று சொல். இது லினக்ஸ் 2.6.31ல் இயல்பு நிலையாக வந்தது. நாமாக வணக்கத்தில் எதுவும் எழுதுவதில்லை என்பதால் எந்தக் கதவும் சாத்தப்படாது. கர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு சர்வரும், அதன் சொந்தக்காரருக்கே தெரியாமல், ஈசிஎன் கற்றுக்கொண்டது. 2014ல் உலகின் முதல் பத்து லட்சம் தளங்களைச் சோதித்தபோது பாதிக்கு மேல், 56 சதவீதம், சரி என்றன. பிரசாரம் இல்லை, சண்டை இல்லை.

பதில் சொல்ல இத்தனை பேர் இருந்தபிறகு கேட்பதற்கு ஆள் வந்தது. 2015 ஜூனில் ஆப்பிள் தன் கருவிகளில் ஈசிஎன் கேட்கத் தொடங்கப்போவதாக அறிவித்தது. அதே வருடம் லினக்ஸில், முதல் வணக்கம் பதிலில்லாமல் போனால் பிட்டுகளை அணைத்து மறுபடி முயலும் வழியும் வந்தது. 2001ல் கேட்டு மறுக்கப்பட்ட சமரசத்தில் பாதி! 2019ல் சாலி ஃபிளாய்ட் காலமானார். 2023 ஜனவரியில் வந்த எல்4எஸ் என்ற புதிய ஏற்பாடு, விளையாட்டும் வீடியோ பேச்சும் தாமதமில்லாமல் போக, இதே நெரிசல் அடையாளத்தைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டது.

அந்த விண்ணப்பப் படிவம்? டிசிபியின் பழைய விதிப்புத்தகத்தை 2022 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 9293 என்று திருத்தி எழுதினார்கள். ஆறில் இரண்டு போக ஒதுக்கிய பிட்டுகள் இப்போது நான்கு. அனுப்பும்போது பூஜ்யமாக இருக்க வேண்டும் என்ற பழைய சொல் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில், உனக்குத் தெரியாத பிட் ஏதாவது வந்தால் கண்டுகொள்ளாமல் விடு என்ற பாதி வாக்கியம், 41 வருடம் கழித்துச் சேர்ந்திருக்கிறது.