ஆனி சாப்மன் கொலையில் இறப்பு நேரம்: சான்றுகளின் முரணும் மதிப்பீடும்

முன்னுரை

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் 1888ஆம் ஆண்டு நிகழ்ந்த தொடர்கொலைகள் இன்றளவும் துப்புத் துலங்காதவை. ‘ஜாக் த ரிப்பர்’ என்னும் பெயரால் சுட்டப்படும் கொலையாளி யார் என்பது தெளிவாகவில்லை. செப்டம்பர் 8ஆம் நாள் கொல்லப்பட்ட ஆனி சாப்மனின் இறப்பு நேரம் குறித்து மருத்துவச் சான்றும் நேர்ச்சான்றுகளும் முரண்படுகின்றன. அம்முரணை மதிப்பிடுவதாக இக்கட்டுரை அமைகிறது.

மருத்துவச் சான்று

ஹான்பரி தெரு 29ஆம் எண் வீட்டின் பின்முற்றத்தில் காலை 6 மணிக்குச் சற்று முன்னர் உடல் காணப்பட்டது. காவல்துறை மருத்துவர் ஜார்ஜ் பாக்ஸ்டர் பிலிப்ஸ் 6.30 மணியளவில் அதனைப் பார்வையிட்டார். உடல் குளிர்ந்திருந்தது, விறைப்புத் தொடங்கியிருந்தது. ஆகவே, இறந்து குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார். அதன்படி கொலை 4.30 மணிக்கு முற்பட்டது. எனினும், காலைக் குளிரும் மிகுந்த குருதியிழப்பும் உடலை விரைந்து குளிர்விக்கும் என்பதையும் அவரே குறிப்பிட்டார்.

நேர்ச்சான்றுகள்

ஏறத்தாழ 4.45 மணிக்கு அம்முற்றத்தின் படியில் அமர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் அங்கு உடல் எதுவும் இல்லை என்றார். அடுத்த வீட்டினரான ஆல்பர்ட் கடோஷ் 5.20 மணியளவில் ‘வேண்டாம்’ எனப் பொருள்படும் குரலையும், சில நிமிடங்களில் வேலியில் ஏதோ மோதும் ஓசையையும் கேட்டார். 5.30 மணிக்கு அவ்வீட்டருகே சாப்மனை ஓர் ஆடவனுடன் கண்டதாக எலிசபெத் லாங் கூறினார். கடோஷ் கேட்டது கொலையின் ஓசையாயின், அதற்குப் பின்னர் லாங் அவரை உயிருடன் கண்டிருக்க இயலாது. ஆயினும் இம்மூன்றும் 4.30 மணிக்குப் பிந்திய நேரத்தையே சுட்டுகின்றன.

மதிப்பீடு

உடற்சான்றை அகச்சான்று என்றும் பிறர் கூற்றைப் புறச்சான்று என்றும் கொண்டு, முன்னதே வலியது எனத் துணிவது எளிது. ஆனால் பிலிப்ஸின் சாட்சியத்தில் வெப்பமானி அளவு எதுவும் இல்லை. உடல் குளிரும் வேகத்தை இலண்டன் கைஸ் மருத்துவமனையில் டெய்லரும் வில்க்ஸும் 1863இலேயே அளந்து வெளியிட்டிருந்தனர் என்பது நோக்கத்தக்கது. உடலின் உள்வெப்பம், சூழல் வெப்பம், உடல் எடை ஆகியவற்றைக் கொண்டு 1988இல் ஹென்ஸ்கே வகுத்த முறையிலும், மிகச் சாதகமான நிலையிலேயே 2.8 மணி நேரம் முன்பின்னாகும் பிழை எல்லை உண்டு. தொட்டறிந்த குளிர்ச்சியால் 4.30, 5.30 ஆகிய இரண்டையும் பிரித்தறிய இயலாது.

விசாரணை அலுவலர் வைன் பாக்ஸ்டர் நேர்ச்சான்றுகளையே ஏற்றார். மருத்துவர் கூற்று சரியாயின் லாங்கின் சாட்சியம் நிற்காது எனக் காவல்துறையின் டொனால்ட் ஸ்வான்சன் அக்டோபர் அறிக்கையில் எழுதினார்.

முடிவுரை

இம்முரண் வெறும் நேரக் கணக்கன்று. 4.30 எனில் கொலையாளி இருளில் மறைந்தான், 5.30 எனில் சந்தை நாளான சனிக்கிழமையில், விடிந்த தெருவில் நடந்து சென்றான். ஐயத்திற்குரியோரை விலக்குவதும் சேர்ப்பதும் இந்நேரத்தைப் பொறுத்தவை. மருத்துவச் சான்றின் பிழை எல்லை சாட்சிகளை மெய்ப்பிப்பதில்லை. அவர்களைப் பொய்ப்பிக்கும் தகுதி அச்சான்றுக்கு இல்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. எனவே 4.30ஐ உறுதியான எல்லையாகக் கொண்டு எழுப்பப்படும் முடிவுகள் மறுஆய்வுக்குரியன.