ஏழு தீவுகளும் ஒரு காட்டுத் தீவும்

மும்பையின் நில வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இணைப்பின் கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள். கொலாபா, கிழவித் தீவு, பம்பாய், மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம் என ஏழு தீவுகள் இருந்தன. 1661-இல் போர்ச்சுகல் இளவரசியின் சீதனமாக அவை ஆங்கிலேய அரசருக்குப் போயின. 1668-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. 1784-ஐ ஒட்டி ஹார்ன்பி வெல்லார்டு என்ற கடல்தடுப்புப் பாதை கட்டி முடிந்ததும் வொர்லிப் பக்கம் கடல் உள்ளே புகுவது நின்றது. 1805-இல் சயன் தரைப்பாலம் பம்பாயை வடக்கே இருந்த பெரிய தீவான சால்செட்டோடு சேர்த்தது. 1845-இல் மாஹிம் காஸ்வே வந்தது. இன்றைய செம்பூர் அன்று டிராம்பே என்ற தனித் தீவின் வடமேற்கு மூலை. மழைக்காலத்தில் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீரில் நடப்பவர்களுக்கு அந்தப் பழைய தாழ்நிலம் இன்னும் காலில் தட்டுப்படுகிறது.

கடல் தீவுகள் ஒன்றாகிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில் எதிர்த்திசையிலும் ஒரு வேலை நடந்தது. சால்செட்டின் நடுவே இருந்த காடு துண்டிக்கப்பட்டுத் தீவாகிவந்தது. உயிரினங்களின் கணக்கில் மும்பைக்கு முக்கியமான தீவு அதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். ஆனால் முதலில் உண்மையான கடல் தீவு என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும்.

பம்பாயின் ஏழு தீவுகள் தமக்கென்று பெயர்பெற்ற பறவையையோ விலங்கையோ உருவாக்கவில்லை. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கொங்கணக் கரை மேற்கே வெகுதூரம் நீண்டிருந்தது. இந்தத் தீவுகளெல்லாம் அப்போது மேடுகள்தான். கடல் திரும்பி வந்து அவற்றைச் சூழ்ந்த பிறகும் கரை கூப்பிடு தூரத்திலேயே இருந்தது. புதிய இனம் பிரிய நீண்ட காலமும் தூரமும் வேண்டும். இரண்டும் இங்கே கிடைக்கவில்லை.

இரண்டும் கிடைத்த இடம் நார்க்கொண்டம். வடக்கு அந்தமானுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கடலிலிருந்து எழுந்த எரிமலைத் தீவு அது. எந்தக் கரையோடும் ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை. பரப்பு 7 சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. தாராவியைப் போல் மூன்று மடங்குதான் இருக்கும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத நார்க்கொண்டம் இருவாச்சி அங்கே வாழ்கிறது. 1873-இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அதை விவரித்து எழுதினார். நூறாண்டு கழித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ்.ஏ. ஹுசைன் தீவிலேயே தங்கி அதன் வாழ்க்கையைப் பதிவு செய்தார். ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. மற்ற பெரிய இருவாச்சிகளைவிட உருவம் சிறியது. பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும்; வெளியே இருக்கும் ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும். பிரதான அந்தமான் தீவுகளில் இருவாச்சியே கிடையாது. எப்போதோ பர்மா பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்த சில பறவைகள், தம்மைப் பிடித்துத் தின்னும் விலங்கில்லாத, அத்திமரம் நிறைந்த ஒரு மலையில் இறங்கி, தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே இணைந்து வேறாகிப்போயின என்று கொள்ளலாம்.

தீவு உயிர்களைச் 'சோம்பேறி', 'முட்டாள்' என்று பேசும் வழக்கம் டோடோவிலிருந்து தொடங்கியது. அது அநியாயம். டோடோ ஒரு புறா. 2002-இல் வெளியான மரபணு ஆய்வின்படி இன்று உயிரோடிருக்கும் அதன் மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா. தீவு விட்டுத் தீவு பறந்து திரியும் பறவை. டோடோவின் முன்னோரும் அப்படிப் பறந்துதான் மொரீஷியஸ் சேர்ந்திருக்க வேண்டும். பறக்கும் தசையை வளர்த்துக் காப்பது உடலுக்குப் பெரிய செலவு. துரத்துவோர் இல்லாத இடத்தில் அந்தச் செலவு வீண். செலவைக் குறைத்த பறவைக்கு அதிகக் குஞ்சு நின்றது; இறக்கை சுருங்கியது; முட்டை தரைக்கு வந்தது. 1598-இல் டச்சுக்காரர்கள் இறங்கினார்கள். 1662-க்குப் பிறகு நம்பத்தக்க பார்வைப் பதிவு இல்லை. மாலுமிகள் தின்று தீர்த்ததாகச் சொல்வது பாதிக் கதைதான். கப்பலோடு வந்த பன்றியும் எலியும் குரங்கும் தரையில் கிடந்த முட்டையை விடவில்லை. இந்தச் சோகத்துக்கு நம் கரையிலும் ஒரு சாட்சி உண்டு: பதினேழாம் நூற்றாண்டில் சூரத்துக்கு உயிரோடு கொண்டுவரப்பட்ட இரண்டு டோடோக்களை ஆங்கிலேயப் பயணி பீட்டர் மண்டி பார்த்து எழுதியிருக்கிறார். முகலாய ஓவியர் மன்சூர் தீட்டியதாகக் கருதப்படும் டோடோ ஓவியம் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது.

நாமும் இந்த விஷயத்தில் கைசுத்தமானவர்கள் அல்ல. மாட்டுங்காவின் மரவரிசைகளில் அந்தி நேரத்தில் கூச்சலிடும் மைனா, பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டுக்கிளியை ஒழிப்பதற்காக இந்தியாவிலிருந்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோகப்பட்டது. இன்று பல தீவுகளில் அது தொல்லைப் பறவை. அந்தமானில் விட்ட புள்ளிமான், புலியும் சிறுத்தையும் இல்லாத காட்டில் பெருகி இளங்கன்றுகளைத் தின்கிறது. மரம் வெட்டிய நிறுவனம் 1962-இல் இன்டர்வியூ தீவில் கைவிட்டுப்போன யானைகள் காட்டு யானைகளாயின. நார்க்கொண்டத்துக் காவல் சாவடிக்குக் கொண்டுபோன ஆடுகள் பலமடங்காகிக் கன்றுகளை மேய்ந்தன. அத்திக்கன்று வளராவிட்டால் ஐம்பதாண்டு கழித்து இருவாச்சிக்குப் பழமும் இல்லை, பொந்தும் இல்லை. நல்லவேளையாக ஆடுகள் அகற்றப்பட்டன. 2012-இல் அங்கே கடலோரக் காவல்படையின் ரேடார் திட்டத்தை அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் மறுத்தார். 2014-இல் வந்த அடுத்த அரசு அனுமதித்தது.

நிக்கோபார் மெகபோடு கற்றுத்தரும் பாடம் வேறு. கோழி போன்ற இந்தப் பறவை அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டி மணலும் இலைதழையும் குவித்து மேடு கட்டி அதற்குள் முட்டையைப் புதைக்கிறது. மட்கும் இலையின் சூடு குஞ்சு பொரிக்கிறது. குஞ்சு தானே தோண்டி வெளியே வந்து, தாய் முகம் பார்க்காமல் காட்டுக்குள் போய்விடும். கோவையின் சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் 1990களின் தொடக்கத்தில் இந்த மேடுகளைத் தீவு தீவாகக் கணக்கெடுத்தார். 2004 சுனாமிக்குப் பின் 2006-இல் மறுபடி எண்ணப்பட்டபோது எண்ணிக்கை ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது. ஆழிப்பேரலை அந்தப் பறவைக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் ஒரு கரை அழிந்தால் இன்னொரு கரை மிஞ்சும். அந்த மிச்சக் கரைகளில் இப்போது தென்னந்தோப்பும் சாலையும் நாயும் பூனையும் இருக்கின்றன. பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடா சரணாலயம் 2021-இல் அந்த நிலையை இழந்தது. 2022-இல் துறைமுகத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது.

1967-இல் ராபர்ட் மெக்கார்தரும் எட்வர்ட் வில்சனும் தீவு உயிரியல் நூலை வெளியிட்ட பிறகு இந்தச் சிந்தனை கடலை விட்டுத் தரைக்கு ஏறியது. தீவு சிறிதானால் இனங்கள் வேகமாக மறையும். கரையிலிருந்து தள்ளிப் போனால் புதியவை வருவது குறையும். வயலும் சாலையும் சூழ்ந்த காடும் இப்படித்தானே என்று கேட்டார்கள். 1987-இல் வில்லியம் நியூமார்க் வட அமெரிக்கத் தேசியப் பூங்காக்களைப் பார்த்தார். சிறிய பூங்காக்களில் பாலூட்டிகள் அதிகம் அற்றுப்போயிருந்தன.

இனி சால்செட் காட்டுக்கு வருவோம். அது பிழைத்ததற்குக் காரணம் இயற்கைப் பற்று அல்ல, குடிநீர். 1860-இல் விகார் ஏரியும் 1879-இல் துளசி ஏரியும் கட்டிமுடிந்தன; நீர்ப்பிடிப்புக் காட்டைக் காக்க வேண்டியிருந்தது. பிறகு தேசியப் பூங்காவாகிப் பெயர்கள் மாறி இன்று சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். மேற்கே போரிவலி, கிழக்கே முலுண்ட், தானே. வடக்கே வசாய் கழி. விகார் பக்கம் 1920களின் இறுதியில் சுடப்பட்ட புலிக்குப் பின் அங்கே புலி நிலைக்கவில்லை. சிறுத்தை நிலைத்தது. கேமராக் கணக்கெடுப்பு ஒன்றில் 54 சிறுத்தைகள். எண்ணிக்கை நிறைவாகத் தெரியும். அவற்றின் உணவில் தெருநாய்க்குக் கணிசமான பங்கு இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018-இல் கிர் காட்டில் நாய்க்காய்ச்சல் வைரஸ் பரவி இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. எல்லா உயிரும் ஒரே இடத்தில் அடைந்திருந்தால் ஒரு நோய் போதும்.

கடல் தீவுக்கும் காட்டுத் தீவுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். கடல் தீவு முதலில் படைக்கிறது, பிறகு இழக்கிறது. நூறாண்டாகத்தான் துண்டான காட்டுக்குப் படைக்க நேரமில்லை. இழக்க மட்டும் நேரம் போதும்.

வந்து சேர்வதிலும் இதே பாரபட்சம். தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் இருந்த குப்பைமேட்டில் 1980களில் மரம் நட்டார்கள். பறவையியலாளர் சாலிம் அலியும் கன்று நட்டார். 37 ஏக்கர் மாஹிம் நேச்சர் பார்க் 1994-இல் திறந்தது. பறவையும் வண்ணத்துப்பூச்சியும் தாமாகவே வந்து குடியேறின. 1883 ஆகஸ்டில் கிரகடோவா வெடித்துத் தீய்ந்த தீவிலும் இப்படித்தான். மறு ஆண்டு போனவர் கண்டது ஒரே ஒரு சிலந்தி, அடுத்த சில பத்தாண்டுகளில் பறவைகள். பறப்பவற்றுக்கு நகரம் கடக்கக்கூடிய கடல். நடப்பவற்றுக்கு அப்படியில்லை.

ஆனாலும் ஒன்று நடந்தே வந்தது. அகமதுநகர் மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஆண் சிறுத்தைக்கு 2009-இல் வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் குழு ரேடியோ காலர் மாட்டி மால்ஷேஜ் மலைக்கணவாயில் விட்டது. வயதானது என்பதால் 'ஆஜோபா', தாத்தா, என்று பெயர். வயல், நெடுஞ்சாலை, ரயில் பாதை எல்லாவற்றையும் தாண்டி, வசாய் கழியையும் நீந்தி, 120 கிலோமீட்டர் நடந்து பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. அப்படி வரும் ஒரு சிறுத்தை புதிய மரபணுக்களையும் கொண்டுவருகிறது. ஐம்பது சிறுத்தைகள் தமக்குள்ளேயே இணைந்து நலிவதைத் தள்ளிப்போடுகிறது. 2011-இல் நெடுஞ்சாலையில் வாகனம் மோதி ஆஜோபா செத்தது.

பூங்காவுக்கு அடியில் சுரங்கப்பாதை போவதால் காட்டுக்குச் சேதமில்லை என்ற பேச்சு இப்போது கேட்கிறது. சுரங்கம் காட்டின் பரப்பைக் காப்பாற்றலாம். ஆஜோபா வந்த வழி வேறு: வசாய் கழிக்கு வடக்கே, துங்காரேஷ்வர் சரணாலயத்துக்கும் பூங்காவுக்கும் இடையே, ஆண்டுக்கு ஆண்டு குடியிருப்பும் லாரியும் பெருகிவரும் மேற்பரப்பு. கணக்கெடுப்பு வெளியாகும்போது பூங்காவுக்குள் எத்தனை சிறுத்தை என்று கேட்பதோடு, அந்த வழியில் எத்தனை உயிரோடு கடந்தன என்றும் வனத்துறையைக் கேட்க வேண்டும்.