வெந்தோத்தேனே: விடுமுறைத் தீவின் சிறைக்கதை

ஐரோப்பாவில் வாழும் நம்மவர்கள் கோடை விடுமுறைக்கு மத்தியதரைக் கடற்கரையை நாடுவது வழமையாகிவிட்டது. கப்ரி போன்ற தீவுகளின் சனநெருக்கடியில் சலித்தவர்களுக்கு உல்லாசப் பயணக் கையேடுகள் சொல்லும் மாற்று இடங்களில் ஒன்று, ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடைப்பட்ட கடலில் கிடக்கும் வெந்தோத்தேனே. போர்மியா துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணிநேரப் பயணம். நீளம் மூன்று கிலோமீற்றருக்கும் குறைவு. பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீற்றர் அளவில். தெளிந்த நீர், எரிமலைப் பாறை, பெயர்பெற்ற ஒருவகைப் பருப்பு, வலசை போகும் பறவைகள் என்று கையேடு அடுக்கிக்கொண்டே போகும். இத்தனைக்கும் மேலாக அமைதி என்றும் சொல்லும்.

அந்த அமைதியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். இத்தீவின் ஒதுக்கம் இன்று விற்பனைப் பொருளாகியிருக்கிறது. அதே ஒதுக்கத்தைத்தான் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆட்சியாளர்கள் தண்டனையாகப் பயன்படுத்தினார்கள்.

இதைத் தொடக்கிவைத்தவர் அகஸ்தஸ் பேரரசர். அன்று பந்தத்தேரியா என்று அழைக்கப்பட்ட இத்தீவுக்கு, கி.மு. 2இல், ஒழுக்கக்கேட்டுக் குற்றஞ்சாட்டித் தம் சொந்த மகள் யூலியாவையே அனுப்பினார். அவளுக்கு மது மறுக்கப்பட்டது. தந்தையின் அனுமதியின்றி எந்த ஆடவரும் அவளை அணுக முடியாது. தாய் ஸ்கிரிபோனியா தானாக விரும்பி உடன் சென்றாள். ஐந்து ஆண்டுகளின் பின்னரே பெருநிலத்துக்கு மாற்றப்பட்டாள். யூலியாவின் மகள் மூத்த அகிரிப்பீனா, திபேரியஸின் காலத்தில் இங்கேயே பட்டினியால் கி.பி. 33இல் இறந்தாள். கி.பி. 62இல் நீரோவின் மனைவி ஒக்தாவியா, கைகால் நரம்புகள் அறுக்கப்பட்டு இங்கே கொல்லப்பட்டாள். தீவின் வடமுனையில் ‘வில்லா ஜூலியா’ என்று காட்டப்படும் இடிபாடுகள் இக்கதைகளோடு சேர்ந்தவை. மென்பாறையைக் குடைந்து ரோமர் அமைத்த துறைமுகத்தில் இன்றும் படகுகள் கட்டப்படுகின்றன. மழைநீரைச் சேமிக்க அவர்கள் வெட்டிய நிலத்தடித் தொட்டிகளையும் பார்க்கலாம்.

தீவுக்கு எதிரே, இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவான தொலைவில், சாந்தோ ஸ்தெபானோ என்ற சிறுதீவு. நேப்பிள்ஸை ஆண்ட பூர்பொன் அரசர்கள் அங்கே குதிரை லாட வடிவில் ஒரு சிறையைக் கட்டி 1795இல் திறந்தார்கள். நடுவில் நிற்கும் ஒரு காவலாளி எல்லா அறைகளையும் பார்க்கக்கூடிய அமைப்பு அது. ஆங்கிலேயரான பெந்தம் இதே சிந்தனையை எழுதிவைத்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அரசியல் கைதியான எழுத்தாளர் லூயிஜி செத்தெம்பிரீனி 1850களில் அங்கிருந்தபடியே கிரேக்க எழுத்தாளர் லூசியனை இத்தாலிய மொழிக்குப் பெயர்த்தார். முதலாம் உம்பெர்த்தோ மன்னரை 1900இல் சுட்டுக்கொன்ற கயித்தானோ பிரெஸ்சி மறு ஆண்டே அச்சிறையில் இறந்தார். 1965இல்தான் சிறை மூடப்பட்டது.

ஆனால் வெந்தோத்தேனே வரலாற்றில் இடம்பிடித்தது முசோலினியின் காலத்தில். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வழக்கு விசாரணை எதுவுமின்றி, நிர்வாக ஆணை ஒன்றினாலேயே எதிராளிகளைத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். இதற்கு ‘கொன்பீனோ’ என்று பெயர். உஸ்திக்கா, லீப்பரி, பொன்சா என்று இன்று உல்லாசப் பயணிகள் மொய்க்கும் தீவுகள் பலவும் அப்பட்டியலில் இருந்தவை. லீப்பரியிலிருந்து 1929இல் கார்லோ ரொஸ்ஸெல்லி, எமீலியோ லுஸ்ஸு, பிரான்செஸ்கோ நித்தி ஆகிய மூவரும் மோட்டார்ப் படகில் துனீசியாவுக்குத் தப்பினர். பொன்சா முகாம் 1939இல் மூடப்பட்டபோது, முக்கியமானவர்களில் பலர் வெந்தோத்தேனேக்கு மாற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 800 பேர். நாளொன்றுக்கு 5 லீரா படி. இரவில் பொதுக்கூடங்களில் பூட்டிவைக்கப்பட்டார்கள். பகலில் குறித்த எல்லைக்குள் மட்டும் உலாவலாம்.

அந்த 800 பேரில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பின்னாளில் இத்தாலியக் குடியரசின் அரசியலமைப்பில் ஒப்பமிட்ட உம்பெர்த்தோ தெர்ராச்சீனி, 1978 முதல் 1985 வரை ஜனாதிபதியாக இருந்த சாந்திரோ பெர்த்தீனி, தொழிற்சங்கத் தலைவர் தி வித்தோரியோ ஆகியோர் அங்கே இருந்தனர். அவர்கள் கட்சிவாரியாகத் தனித்தனி உணவுக்கூடங்கள் நடத்தினார்கள். ஸ்தாலினை விமர்சித்ததற்காகக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து 1937இல் நீக்கப்பட்ட அல்தியேரோ ஸ்பினெல்லியைப் பழைய தோழர்கள் ஒதுக்கினார்கள். கைதியாயிருந்தும் கைதிகளால் ஒதுக்கப்பட்ட அந்த மனிதர், பொருளியலாளர் ஏர்னெஸ்தோ ரொஸ்ஸியோடும் மெய்யியலாளர் எயுஜேனியோ கொலோர்னியோடும் கூடியிருந்து சிந்தித்தார். 1941இல், ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பிடித்திருந்த வேளையில், ‘சுதந்திரமான, ஒன்றுபட்ட ஐரோப்பாவுக்காக’ என்ற அறிக்கை எழுதப்பட்டது. தனித்தனித் தேசிய அரசுகள் வரம்பற்ற இறைமையோடு மீண்டும் எழுந்தால் போரும் மீண்டும் வரும், ஆகவே கூட்டாட்சி வேண்டும் என்பதே அதன் சாரம்.

சிகரெட் சுற்றும் தாளில் அது எழுதப்பட்டதாகச் சொல்வார்கள். கொலோர்னியின் மனைவி, பெர்லினில் பிறந்த உர்சுலா ஹிர்ஷ்மன், கைதியல்லள் என்பதால் கடல் கடந்து போய்வர முடிந்தது. அறிக்கையைப் பெருநிலத்துக்குக் கடத்தியவர் அவரே. தணிக்கை அதிகாரியின் பேனாவுக்கு இரையாகாத செய்தி எவ்வளவு அருமையானது என்பதை அறிந்த எம் தலைமுறைப் பத்திரிகையாளருக்கு, எழுதியவரைவிடக் கொண்டுசென்றவர் மீதே மதிப்புக் கூடுகிறது. கொலோர்னி தம் முன்னுரையோடு 1944 ஜனவரியில் அதை இரகசியமாக அச்சிட்டார். மே மாதத்தில், ரோம் விடுதலையாவதற்குச் சில நாட்களே இருக்கையில், பாசிசக் கும்பலொன்று அவரைச் சுட்டுக்கொன்றது.

இடையில் 1943 ஜூலையின் கடைசி வாரம் இத்தீவுகளுக்கு விசித்திரமான வாரமாக அமைந்தது. 24ஆந் திகதி, பொன்சாவுக்கும் வெந்தோத்தேனேக்கும் இடையில் ஓடிய ‘சாந்தா லூச்சியா’ என்ற பயணிகள் கப்பலைப் பிரித்தானிய விமானங்கள் மூழ்கடித்தன. மறுநாள் முசோலினி கைதானார். அவரை எங்கே வைப்பது? அவரே பழக்கிவைத்த விடைதான் புதிய அரசாங்கத்துக்கும் தோன்றியது. முதலில் வெந்தோத்தேனேக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஜேர்மன் படையினர் இருந்ததால் பொன்சாவில் இறக்கினார்கள். தம் அறுபதாவது பிறந்தநாளை 29ஆந் திகதி அங்கே கைதியாகக் கழித்தார் முசோலினி. அதே பொன்சாவில் அப்போது தடுத்துவைக்கப்பட்டிருந்த சோசலிசத் தலைவர் பியெத்ரோ நென்னி, தொலைநோக்கியால் அவரைக் கண்டார். 1911இல் லிபியப் போரை எதிர்த்து இருவரும் ஒன்றாகவே சிறை சென்ற நண்பர்கள்! ஆகஸ்ட் தொடக்கத்தில் நென்னி விடுதலையானார். முசோலினி வேறொரு தீவுக்கு மாற்றப்பட்டார்.

ஸ்பினெல்லியும் அதே ஆகஸ்டில் வெளியே வந்தார். பின்னர் உர்சுலாவை மணந்தார். ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராகி, 1984இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான வரைவு ஒப்பந்தத்தை அம்மன்றத்தில் நிறைவேற்றச் செய்தார். 1986இல் மறைந்த அவர் வெந்தோத்தேனே மயானத்தில் அடக்கமாகியுள்ளார். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்த சில வாரங்களின் பின், 2016 ஆகஸ்டில், மேர்க்கெல், ஒலாந்து, ரென்சி மூவரும் அக்கல்லறையில் மலர் வைத்தார்கள். 2025 மார்ச்சிலோ இத்தாலியப் பிரதமர் மெலோனி பாராளுமன்றத்தில் அறிக்கையின் சில வரிகளை வாசித்துக்காட்டி, இது தமது ஐரோப்பா அல்ல என்றார். எதிர்க்கட்சியினர் கொதித்தெழ, அமர்வு இடைநிறுத்தப்பட்டது. எண்பது ஆண்டு கடந்தும் அந்தத் தாள்கள் சபையைக் குழப்புகின்றன.

கடற்கரையில் வெயில் காய்பவர் தலையைத் திருப்பினால் சாந்தோ ஸ்தெபானோவின் சிறைச்சுவர் தெரியும். கடல் அடங்கியிருக்கும் நாளில் படகில் சென்று, வழிகாட்டியோடு பார்த்து வருவதும் உண்டு.